கல்லைக் கையில் கொடுத்துப் பேசுவது: நிலவியலைப் பொதுமக்களிடம் கொண்டுசெல்வோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாறை, மலை, நிலநடுக்கம், எரிமலை, தொல்லுயிர் எச்சம். இவற்றைப் பற்றி மற்றவர்களுக்குச் சொல்லும் இடத்தில் நீங்கள் இருந்தால் இந்தப் பக்கம் உங்களுக்குத்தான். நீங்கள் ஆசிரியராக இருக்கலாம், ஆய்வாளராக இருக்கலாம், கல் பொறுக்கும் பழக்கம் உள்ளவராகவும் இருக்கலாம். பல வருடங்களாகக் கல் நடைகளும் (ஆட்களை அழைத்துப்போய்ப் பாறைகளைக் காட்டும் நடைகள்) பேச்சுகளும் நடத்தியதில் என்னிடம் திரும்பத் திரும்ப வந்த கேள்விகளைத் தொகுத்திருக்கிறேன். சில பதில்கள் நீளம், சில இரண்டே வரி.

முதலில் ஒரு குழப்பம். இது புவியியலா, நிலவியலா?

பள்ளியில் புவியியல் என்று படித்தது ஜியாகரஃபி. பாறையையும் பூமியின் வரலாற்றையும் படிக்கும் ஜியாலஜிக்கு நிலவியல் என்று பெயர். புவியமைப்பியல், புவிச்சரிதவியல் என்று எழுதுபவர்களும் உண்டு. எந்தச் சொல்லை எடுத்தாலும், முதல் நிமிடத்திலேயே அது எதைக் குறிக்கிறது என்று சொல்லிவிடுங்கள். "நிலவியல் பற்றிப் பேச வந்திருக்கிறேன்" என்று ஒருமுறை ஆரம்பித்தேன். முன்வரிசையில் இருந்த பெரியவர் பட்டா விவகாரம் ஒன்றைக் கேட்பதற்காகக் கையைத் தூக்கினார்.

பேச்சை எங்கிருந்து தொடங்குவது?

ஒரு கல்லிலிருந்து. படத்தைத் திரையில் காட்ட வேண்டாம், கல்லையே கையில் கொடுங்கள். அது என்ன கல் என்று சொல்லாதீர்கள். பெயரைச் சொன்ன மறுநொடியே ஆட்கள் அதைப் பார்ப்பதை நிறுத்திவிடுவார்கள். "என்ன தெரிகிறது?" என்று மட்டும் கேட்டுவிட்டுக் காத்திருங்கள்.

நான் வழக்கமாக எடுத்துப்போவது கூழாங்கற்கள் ஒட்டிக்கிடக்கும் ஒரு பாறைத் துண்டு. யாராவது ஒருவர், பெரும்பாலும் ஒரு குழந்தை, "உள்ளே இருக்கிற கல்லெல்லாம் உருண்டையா இருக்கு" என்று சொல்லிவிடும். கல் எப்படி உருண்டையாகும்? உருண்டு உருண்டுதான். அப்படியானால் அங்கே ஓடும் தண்ணீர் இருந்திருக்க வேண்டும், ஒரு ஆறோ அலையடிக்கும் கரையோ. உருண்ட கற்கள் எப்படி ஒட்டின? மேலே வண்டல் மூடி அழுத்தியது, கற்களுக்கு நடுவே ஊறிய நீரில் கரைந்திருந்த தாதுக்கள் பசைபோல இறுகின. சரி, இந்தத் துண்டை நான் எடுத்தது தண்ணீரே இல்லாத ஒரு மலையுச்சியில். ஆற்றின் அடியில் புதைந்தது உச்சிக்கு எப்படி வந்தது? தரை உயர்ந்திருக்கிறது. ஒரே கல்லில் ஒரு ஆறு, ஒரு புதைவு, ஒரு எழுச்சி. இவ்வளவையும் அவர்களே கண்டுபிடித்திருப்பார்கள். நான் கேள்வி மட்டும்தான் கேட்டிருப்பேன்.

கோடிக்கணக்கான ஆண்டுகளை எப்படிப் புரியவைப்பது?

பூமியின் வயது சுமார் 454 கோடி ஆண்டு. இதை வாயால் சொன்னால் யாருக்கும் உறைக்காது. எனக்கும் உறைப்பதில்லை. கோடியும் நூறு கோடியும் காதில் ஒரே மாதிரிதான் விழுகின்றன.

ஒரு கயிறு எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சென்டிமீட்டருக்குப் பத்து லட்சம் ஆண்டு. பூமியின் வயதுக்கு 45 மீட்டர் 40 சென்டிமீட்டர் நீளக் கயிறு வேண்டும். ஒரு முனையில் பூமியின் பிறப்பு, மறுமுனையில் இன்று. இன்றைய முனையிலிருந்து பின்னோக்கி நடக்கச் சொல்லுங்கள். முதல் மூன்று மில்லிமீட்டரிலேயே நம் மனித இனத்தின் மூன்று லட்சம் ஆண்டு முடிந்துவிடும். எழுத்தின் வரலாறு ஐந்தாயிரம் ஆண்டு என்றால் கயிற்றில் அது 0.05 மில்லிமீட்டர், ஒரு மெல்லிய தலைமுடியின் தடிமன். 66 சென்டிமீட்டரில் டைனோசர்களின் அழிவு. இரண்டேகால் மீட்டரைத் தாண்டியதும் அவற்றின் தொடக்கம். ஐந்தரை மீட்டருக்குள் ஓடோ எலும்புக்கூடோ உள்ள விலங்குகள் அனேகமாக எல்லாம் தீர்ந்துபோகும். காற்றில் ஆக்சிஜன் சேரத் தொடங்கியது 24 மீட்டர் தொலைவில். நுண்ணுயிர்களின் பழைய தடயங்களுக்கு 35 மீட்டர் போக வேண்டும். ஐந்தரை மீட்டருக்கு அப்புறம் காட்டுவதற்கு அனேகமாகப் பெரிய விலங்கே கிடையாது. வெறும் கயிற்றின் பக்கத்தில் அவர்கள் பேசாமல் நடந்துபோகும் அந்த நேரத்தில்தான் பூமியின் வயது கொஞ்சமாவது உள்ளே இறங்குகிறது.

ஓராண்டு நாட்காட்டியாகவும் சொல்லலாம். பூமி பிறந்தது ஜனவரி 1 என்றால் டைனோசர்கள் டிசம்பர் 26 அன்று அழிகின்றன, நம் இனம் டிசம்பர் 31 இரவு பதினொன்றரைக்கு அருகில் வருகிறது. ஆனால் நடந்துபார்த்த கயிறு மனதில் தங்குவதுபோல இது தங்குவதில்லை.

கயிறு நீளத்தைக் காட்டும், வேகத்தைக் காட்டாது. "எறும்பு ஊரக் கல்லும் தேயும்" என்ற பழமொழி நமக்கு இருக்கிறது. நிலவியலின் பாதியை அது சொல்லிவிடுகிறது, மீதிக்குக் கணக்குப் போட்டால் போதும். ஒரு மலை வருடத்துக்கு ஒரு மில்லிமீட்டர் உயர்ந்தால் பத்து லட்சம் வருடத்தில் ஒரு கிலோமீட்டர். அட்லாண்டிக் பெருங்கடல் வருடத்துக்கு ஏறக்குறைய இரண்டரை சென்டிமீட்டர் விரிகிறது, நகம் வளரும் வேகத்துக்குக் கொஞ்சம் குறைவு. 18 கோடி ஆண்டுக்கு அதைப் பெருக்கினால் 4,500 கிலோமீட்டர். இந்தப் பெருக்கலை அவர்களையே போடச் சொல்லுங்கள்.

"அப்போது யார் இருந்து பார்த்தார்கள்?" என்று கேட்டால்?

நியாயமான கேள்வி. கோபப்படாதீர்கள். "விஞ்ஞானிகள் கண்டுபிடித்திருக்கிறார்கள்" என்று மட்டும் சொன்னால் அது பதிலாகாது.

சிர்கான் என்ற தாது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏறக்குறைய முழுவதும் ஒதுக்கிவிடும். உள்ளே போன யுரேனியம் ஒரே சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே இருக்கும். யுரேனியம்-238இல் பாதி மாறுவதற்கு 447 கோடி ஆண்டு ஆகும். ஆக, இன்று அந்தச் சிர்கானுக்குள் இருக்கும் ஈயம் அனேகமாக எல்லாமே பிறகு உண்டானது. இரண்டையும் அளந்தால் வயது வரும். ஆஸ்திரேலியாவின் ஜாக் ஹில்ஸில் கிடைத்த சிர்கான் துணுக்கு ஒன்றின் வயது சுமார் 440 கோடி ஆண்டு.

இதோடு ஒரு கதையும் உண்டு, நான் அதைச் சொல்லாமல் விடுவதில்லை. கிளேர் பேட்டர்சன் என்ற அமெரிக்க வேதியியலாளர் 1956இல், பூமியோடு ஏறக்குறைய ஒரே காலத்தில் உருவான விண்கற்களின் ஈயத்தை அளந்து பூமியின் வயதை 455 கோடி ஆண்டு என்று வெளியிட்டார். இன்றைய கணக்கும் அதை ஒட்டித்தான் நிற்கிறது. அந்த அளவீட்டுக்காக அவர் பட்ட பாடு பெரிது. ஆய்வுக்கூடத்தில் எதைத் தொட்டாலும் எங்கிருந்தோ ஈயம் வந்து கலந்தது. அது எங்கிருந்து வருகிறது என்று தேடிப்போனவர் உலகமே ஈயத்தால் மாசுபட்டிருப்பதைக் கண்டார். பெட்ரோலில் ஈயம் கலப்பதற்கு எதிராகப் பல ஆண்டுகள் போராடினார். பூமியின் வயது தெரிந்து யாருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்களுக்கு இந்தக் கதை போதும்.

கலைச்சொற்களைத் தமிழில் சொல்வதா, ஆங்கிலத்தில் சொல்வதா?

கேட்பவருக்கு எது தெரியுமோ அது. ஆனால் தெரிந்த சொல் என்பதாலேயே அது சரியான சொல் ஆகிவிடாது. மூன்று இடங்களில் மட்டும் கவனமாக இருங்கள்.

பூமியின் மேற்பகுதி மெல்ல நகரும் பெரும் பாறைத் துண்டுகளால் ஆனது. அவற்றைக் "கண்டத்தட்டு" என்று எழுதினால் கண்டங்கள்தான் தட்டுகள் என்று நினைத்துக்கொள்வார்கள். பசிபிக் தட்டில் கிட்டத்தட்ட முழுவதும் கடல்தான். புவித்தட்டு என்பது பாதுகாப்பு. அடுத்து, "எரிமலைக் குழம்பு" என்ற ஒரே சொல்லை மாக்மாவுக்கும் லாவாவுக்கும் போட்டுவிடுகிறோம். நிலத்துக்கு அடியில் இருக்கும்வரை மாக்மா, வெளியே வந்தபின் லாவா. வெளியேறும்போது அதில் கரைந்திருந்த வாயுக்கள் பிரிந்துவிடும், எரிமலை வெடிப்பதே அந்த வாயுவால்தான். வேறுபாட்டைச் சொல்லாமல் விட்டால் வெடிப்பை விளக்கவே முடியாது. மூன்றாவது கருங்கல். கிரானைட்டுக்குக் கருங்கல் என்று பாடப்புத்தகத்தில் படித்தோம், ஆனால் கிரானைட் பெரும்பாலும் வெளிர் நிறம். போதாக்குறைக்கு, கட்டடத் தொழிலில் மெருகேறக்கூடிய கடினக் கல் எல்லாவற்றுக்கும் கிரானைட் என்றே பெயர். பெயரில் சண்டை போடாமல் கல்லில் தெரியும் மணிகளைக் காட்டிப் பேசுவதே மேல்.

மக்களிடம் அதிகம் காணப்படும் தவறான எண்ணம் எது?

நம் காலுக்குக் கீழே பூமி முழுக்கத் தீக்குழம்பு என்பது. பாடப்படங்களில் கவசத்துக்குச் சிவப்பும் மஞ்சளும் அடித்ததன் விளைவு. உண்மையில் மேலோட்டுக்குக் கீழே ஏறக்குறைய 2,900 கிலோமீட்டர்வரை இருக்கும் கவசம் திடப்பாறை. சில இடங்களில் மட்டும் சிறிதளவு உருகுகிறது. திரவமாக இருப்பது அதற்கும் கீழே உள்ள வெளிக்கருவம்.

"திடமாக இருந்தால் தட்டுகள் எப்படி நகரும்?" என்பது உடனே வரும் அடுத்த கேள்வி. அதற்குத் தார் கை கொடுக்கும். கெட்டித் தாரைச் சுத்தியலால் அடித்தால் கண்ணாடிபோல் நொறுங்கும். அதே தாரைப் புனலில் வைத்தால் சொட்டும். குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் தொடங்கிய சோதனை ஒன்று இதைத்தான் காட்டுகிறது. முதல் ஒன்பது சொட்டுகள் விழுவதற்கு எண்பது ஆண்டுக்கு மேல் ஆனது. அடித்தால் திடம், காத்திருந்தால் ஓட்டம். கவசப் பாறையும் தன் வெப்பத்தில் அப்படித்தான், இன்னும் மிக மெதுவாக.

இதையெல்லாம் தோண்டிப் பார்த்துச் சொல்லவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். ரஷ்யாவின் கோலா துளை 1989இல் எட்டிய ஆழம் 12,262 மீட்டர். பூமியின் ஆரம் 6,371 கிலோமீட்டர். மேலோட்டையே அந்தத் துளை தாண்டவில்லை. மீதி எல்லாம் நிலநடுக்க அலைகள் சொன்னவை. பூமியின் நடுவே திடமான உட்கருவம் இருப்பதையே டென்மார்க்கின் நிலநடுக்க ஆய்வாளர் இங்கெ லேமன் 1936இல் அந்த அலைகளை வைத்துத்தான் கண்டார்.

ரிக்டர் அளவு பற்றி எப்படி விளக்குவது?

"ரிக்டர் அளவுகோலில் 6.3 ஆகப் பதிவானது" என்பது செய்திகளில் பழகிப்போன வாக்கியம். ரிக்டர் தன் முறையை 1935இல் கொண்டுவந்தார். பெரிய நிலநடுக்கங்களுக்கு இப்போது பயன்படுவது திருப்புத்திறன் அளவு, அதாவது பாறை எவ்வளவு பரப்பில் எவ்வளவு தூரம் வழுக்கியது என்பதை வைத்துக் கணக்கிடுவது. இதற்காக மேடையில் யாரையும் திருத்த வேண்டியதில்லை. "6.3 அளவுள்ள நிலநடுக்கம்" என்று நீங்கள் சொல்லிவிட்டுப் போங்கள்.

விளக்க வேண்டியது இரண்டு. ஒன்று, எண் ஒன்று கூடினால் வெளிப்படும் ஆற்றல் சுமார் 32 மடங்கு, இரண்டு கூடினால் ஆயிரம் மடங்கு. இன்னொன்று, அளவு வேறு, ஓரிடத்தில் உணரப்படும் தீவிரம் வேறு. விளக்கின் வாட் ஒன்றுதான், உங்கள் புத்தகத்தில் விழும் வெளிச்சம் நீங்கள் உட்கார்ந்திருக்கும் இடத்தைப் பொறுத்தது. 2010இல் ஹெய்தியில் 7.0, அடுத்த மாதமே சிலியில் 8.8. சிலியில் வெளிப்பட்ட ஆற்றல் ஏறத்தாழ 500 மடங்கு. ஆனால் சிலியில் இறந்தவர்கள் சுமார் 500 பேர், ஹெய்தியில் லட்சத்துக்கும் மேல். நடுக்கத்தின் ஆழம், ஊரிலிருந்து அதன் தூரம், எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டடங்கள்.

அடுத்த நிலநடுக்கம் எப்போது வரும் என்று கேட்கிறார்கள். என்ன சொல்வது?

நாள், இடம், அளவு மூன்றையும் முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது என்பதை நேராகச் சொல்லுங்கள். சுற்றிவளைத்தால் ஏதோ மறைப்பதாக நினைப்பார்கள்.

முயற்சி செய்யாமல் இல்லை. கலிஃபோர்னியாவின் பார்க்ஃபீல்டில் 1857 முதல் 1966 வரை சராசரியாக 22 ஆண்டுக்கு ஒருமுறை 6 அளவுக்கு நிலம் நடுங்கியது. அடுத்தது 1993க்குள் வரும் என்று கணித்துக் கருவிகளோடு காத்திருந்தார்கள். வந்தது 2004இல். சீனாவின் ஹைசெங்கில் 1975இல் வரிசையாக முன்னதிர்வுகள் வந்ததைப் பார்த்து மக்களை வெளியேற்றினார்கள், ஏராளமானோர் பிழைத்தார்கள். கணிப்புக்கலை வந்துவிட்டது என்று உலகமே நம்பியது. அடுத்த ஆண்டே டாங்ஷானில் எந்த எச்சரிக்கையும் இல்லாமல் வந்தது. அரசுக் கணக்குப்படி 2,42,000 பேர் மாண்டார்கள். இரண்டையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஹைசெங்கை மட்டும் சொல்பவரிடம் எச்சரிக்கையாக இருங்கள்.

முன்கணிப்பு வேறு, முன்னெச்சரிக்கைக் கருவி வேறு என்பதையும் பிரித்துக் காட்டுங்கள். நிலம் உடைந்ததும் முதலில் வரும் அலை நொடிக்குச் சுமார் ஆறு கிலோமீட்டர் வேகத்தில் போகும். பெரிதாக ஆட்டும் இரண்டாவது அலை ஏறக்குறைய மூன்றரை கிலோமீட்டர்தான். முதல் அலையைப் பிடித்து மின்வழியே சேதி அனுப்பினால் தொலைவில் இருப்பவர்களுக்குச் சில நொடிகள் கிடைக்கும். ஜப்பானும் மெக்சிகோவும் இப்படிச் செய்கின்றன. ஆனால் அது நடுக்கம் தொடங்கியபிறகு வரும் சேதி.

பயமுறுத்தாமல் ஆபத்தைப் பற்றிப் பேசுவது எப்படி?

பயமுறுத்துவதைவிடத் தேவையில்லாமல் ஆறுதல் சொல்வதுதான் ஆபத்து என்று நான் நினைக்கிறேன். இத்தாலியின் லாகுவிலாவில் 2009இல் மாதக்கணக்கில் சிறுசிறு அதிர்வுகள் வந்துகொண்டிருந்தன. நிபுணர் குழு மார்ச் 31 அன்று கூடியது. அதையொட்டி அதிகாரி ஒருவர் தொலைக்காட்சியில், சிறு அதிர்வுகள் ஆற்றலை வெளியேற்றிவிடுவதால் நிலைமை சாதகம்தான் என்ற பொருளில் பேசினார். அறிவியல்படி அது தவறு. 6 அளவுள்ள ஒரு நடுக்கத்தின் ஆற்றல் தீர, 4 அளவில் ஆயிரம் நடுக்கம் வர வேண்டும். ஏப்ரல் 6 அதிகாலை 6.3 அளவில் நடுங்கியது. முந்நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதிர்வு வந்தால் வெளியே போய்ப் படுப்பது அந்த ஊரின் பழைய வழக்கம். அந்த ஆறுதல் பேச்சைக் கேட்டு வீட்டுக்குள்ளேயே இருந்துவிட்டோம் என்று உறவினரை இழந்தவர்கள் நீதிமன்றத்தில் சொன்னார்கள். 2012இல் ஆறு அறிவியலாளர்களுக்கும் அந்த அதிகாரிக்கும் தலா ஆறு ஆண்டுச் சிறைத்தண்டனை. 2014இல் மேல்முறையீட்டில் அறிவியலாளர்கள் விடுவிக்கப்பட்டார்கள், அதிகாரியின் தண்டனை மட்டும் குறைந்த அளவில் நீடித்தது.

நிலநடுக்கத்தைக் கணிக்காததற்காக விஞ்ஞானிகளைத் தண்டித்தார்கள் என்று இந்த வழக்கை ஒரே வரியில் சொல்லிவிடுகிறார்கள். வழக்கின் மையம் மக்களிடம் சொல்லப்பட்ட வார்த்தை. "பெரிய நடுக்கம் வரும் வாய்ப்பு குறைவு, ஆனால் வந்தால் இந்தப் பழைய வீடுகள் தாங்காது" என்ற இரண்டு பாதிகளையும் சொல்லியிருந்தால் முடிவை மக்கள் எடுத்திருப்பார்கள்.

பேசியதால் உயிர் பிழைத்த சம்பவம் ஏதாவது உண்டா?

உண்டு. ஆனால் முதலில் பிழைக்காத கதையைச் சொல்ல வேண்டும்.

கொலம்பியாவின் நெவாடோ டெல் ரூயிஸ் எரிமலை 1985 நவம்பர் 13 இரவு வெடித்தது. வெடிப்பு அவ்வளவு பெரிதல்ல. ஆனால் உச்சியில் இருந்த பனி உருகிச் சேற்று வெள்ளமாக இறங்கி, ஆர்மெரோ என்ற ஊரை மூடியது. மொத்தம் சுமார் 23,000 பேர் இறந்தார்கள். வெள்ளம் ஊரை அடைய ஏறக்குறைய இரண்டரை மணி நேரம் ஆனது. மேட்டுக்கு நடந்தே போயிருக்கலாம். எந்த இடத்துக்குச் சேறு வரும் என்று காட்டும் வரைபடம் ஒரு மாதத்துக்கு முன்பே தயாராகியிருந்தது, ஆர்மெரோ அதில் இருந்தது. அன்று மாலை சாம்பல் விழுந்தபோது அமைதியாக வீட்டுக்குள் இருங்கள் என்றுதான் மக்களிடம் சொல்லப்பட்டது. 1845இலும் இதே பள்ளத்தாக்கில் சேறு இறங்கியிருந்தது. அந்தச் சேற்றுப் படிவின் மேல்தான் ஊரே கட்டப்பட்டிருந்தது.

எரிமலைகளைப் படம்பிடித்தே வாழ்ந்த மோரிஸ் கிராஃப்ட், காட்யா கிராஃப்ட் தம்பதியை இது உலுக்கியது. எரிமலை என்னென்ன செய்யும் என்று நேராகக் காட்டும் ஒரு வீடியோவைத் தயாரித்தார்கள். அதன் முதற்கட்டப் பிரதி 1991இல் பிலிப்பைன்ஸில் பினாட்டுபோ விழித்துக்கொண்டபோது அங்கே போய்ச் சேர்ந்தது. பினாட்டுபோ ஐந்நூறு ஆண்டாகத் தூங்கிய மலை, அது எரிமலை என்பதையே பலர் நம்பவில்லை. அதிகாரிகளுக்கும் மக்களுக்கும் அந்த வீடியோவைப் போட்டுக் காட்டினார்கள். பல்லாயிரம் பேர் வெளியேறினார்கள். ஜூன் 15 அன்று அது வெடித்தது, அந்த நூற்றாண்டின் மிகப்பெரிய வெடிப்புகளில் ஒன்று. குறைந்தது 5,000 உயிர்கள் காப்பாற்றப்பட்டதாக அமெரிக்க, பிலிப்பைன்ஸ் ஆய்வகங்கள் கணக்கிட்டன. கிராஃப்ட் தம்பதிக்கு இது தெரியாது. பன்னிரண்டு நாள் முன்னால், ஜூன் 3 அன்று, ஜப்பானின் உன்சென் எரிமலையில் இருவரும் இறந்துவிட்டார்கள்.

வீடியோகூட வேண்டியதில்லை என்பதற்குச் சிமெலுவே தீவு சாட்சி. சுமத்ராவுக்கு அருகே உள்ள அந்தத் தீவில் 1907இல் ஆழிப்பேரலை வந்து பலரைக் கொன்றது. நிலம் பலமாக ஆடி, கடல் உள்வாங்கினால் மேட்டுக்கு ஓடு என்ற சேதியை "ஸ்மாங்" என்ற ஒரே சொல்லில் வைத்துக் கதையாகவும் தாலாட்டாகவும் பிள்ளைகளுக்குக் கடத்தினார்கள். 2004 டிசம்பர் 26 அன்று நிலநடுக்க மையத்துக்கு மிக அருகே இருந்த தீவுகளில் அதுவும் ஒன்று. சுமார் 78,000 பேரில் இறந்தவர்கள் ஏழு பேர்.

ஆர்மெரோவில் அறிவியல் இருந்தது, அது தெருவுக்கு வரவில்லை. சிமெலுவேயில் நிலவியலாளர் யாரும் இல்லை, சேதி மட்டும் 97 வருடம் பிழைத்திருந்தது. சேதியைச் சின்னதாக்குங்கள். என்ன பார்த்தால் என்ன செய்ய வேண்டும், அவ்வளவு போதும்.

நல்ல வரைபடம் ஒன்றைக் கொடுத்தால் போதாதா?

நமக்குப் பழகியதால் சுலபமாகத் தெரிகிறது. சமவுயரக் கோடுகள் போட்ட வரைபடத்தில் தன் வீட்டையே கண்டுபிடிக்க முடியாதவர்கள் ஏராளம். 1995 முதல் எரிமலையோடு வாழ்ந்த மான்செராட் தீவில் சோதித்தபோது, வானிலிருந்து சாய்வாக எடுத்த புகைப்படத்தில் மக்கள் இடங்களை எளிதாக அடையாளம் கண்டார்கள். நமக்குத் தெரிந்த மலை அதே உருவத்தில் அதில் தெரிகிறது அல்லவா!

"நூறாண்டு வெள்ளம்" என்ற சொல்லும் இதே வகைத் தொல்லை. போன வருடம் வந்துவிட்டது, இனி 99 வருடம் கவலையில்லை என்று புரிந்துகொள்கிறார்கள். ஒவ்வொரு வருடமும் நூற்றில் ஒரு வாய்ப்பு என்பதே பொருள். ஒரே வீட்டில் முப்பது வருடம் இருந்தால் ஒருமுறையாவது அதைப் பார்க்கும் வாய்ப்பு நூற்றுக்கு 26. இப்படிச் சொன்னால் நிமிர்ந்து உட்காருவார்கள்.

"பூமியின் காலநிலை எப்போதும் மாறிக்கொண்டுதானே இருந்தது?"

ஆமாம், அதைக் கண்டுபிடித்ததே நிலவியலாளர்கள்தான் என்று ஒத்துக்கொண்டு ஆரம்பியுங்கள். பிறகு வேகத்தைப் பேசுங்கள். 5.6 கோடி ஆண்டுக்கு முன் பூமி 5 டிகிரிக்கு மேல் சூடேறிய காலம் ஒன்று உண்டு. பல ஆயிரம் ஆண்டுகளில் கார்பன் வெளியேறிய நிகழ்வு அது. இன்று நாம் வெளியேற்றும் வேகம் அதைப்போல் ஏறத்தாழ பத்து மடங்கு. அண்டார்டிகாவின் பனிக்கட்டிக்குள் அடைபட்ட காற்றுக்குமிழிகளில் எட்டு லட்சம் ஆண்டுப் பதிவு இருக்கிறது. அதில் கார்பன் டை ஆக்சைடு பத்து லட்சத்தில் 300 பங்கைத் தாண்டியதில்லை. இப்போது 420க்கு மேல்.

பூமியின் வயது என் நம்பிக்கைக்கு விரோதம் என்று ஒருவர் எழுந்தால்?

கூட்டத்துக்கு நடுவே அவரோடு வாதாடி ஜெயிக்க நினைக்காதீர்கள். தோற்பது அவர் மட்டுமல்ல, கேட்டுக்கொண்டிருக்கும் எல்லோரும் ஒரு பக்கம் சாய வேண்டிய கட்டாயம் வந்துவிடும். "இந்தப் பாறையில் நான் பார்ப்பது இது, அதிலிருந்து இப்படி முடிவுக்கு வருகிறேன்" என்று வழியைக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கல் நடைக்கு ஆட்களை அழைத்துப்போகிறேன். என்ன எடுத்துப்போக வேண்டும்?

பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், ஆளுக்கு ஒன்று இருந்தால் நல்லது. ஒன்றையே சுற்றுக்கு விட்டால் பாதிப்பேர் அலைபேசியை எடுத்துவிடுவார்கள். லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்துக் கல்லைக் கிட்டே கொண்டுவரச் சொல்லிக்கொடுங்கள். எல்லோரும் முதலில் லென்ஸைக் கல்லின் மேல் வைப்பார்கள். தண்ணீர் தெளிப்பான் ஒன்று அவசியம். நனைந்த பாறையில் நிறமும் அடுக்கும் பளிச்சென்று எழும். நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டால் சுண்ணாம்புக்கல் நுரைக்கும், அதை ஒருமுறை பார்த்த குழந்தை எல்லாப் பாறையிலும் விடச் சொல்லும். பாட்டில் உங்கள் கையில் மட்டும் இருக்கட்டும்.

சுத்தியலை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். நடையின் தூரத்தைக் குறையுங்கள். முந்நூறு மீட்டருக்குள் மூன்று நிறுத்தம் போதும், நிழல் உள்ள இடமாக. பேச்சு பத்து நிமிடத்தைத் தாண்டினால் பாறையைவிட உங்கள் குரல் பெரிதாகிவிடும்.

"இது விண்கல்லா?" என்று கேட்டுக் கல்லைக் கொண்டுவருகிறார்கள்.

பெரும்பாலும் இருக்காது. அதிகம் வருவது உலைக்கழிவு. குமிழித் துளைகள் நிறைய இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயமாக விண்கல் இல்லை. விண்கல்லில் மெல்லிய கருகிய மேல்தோல் இருக்கும், கைக்குக் கனக்கும், பெரும்பாலானவை காந்தத்தை இழுக்கும். காந்தத்தை மட்டும் நம்பாதீர்கள், மேக்னடைட்டும் இழுக்கும்.

முக்கியமானது நீங்கள் "இல்லை" என்று சொல்லும் விதம். பல வருடம் பத்திரமாக வைத்திருந்த ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்துவந்திருப்பார். ஆரம்ப காலத்தில் ஒரே பார்வையில் "கசடு" என்று சொல்லித் திருப்பிக் கொடுத்துவிட்டேன் ஒருவரிடம். அவர் அப்புறம் வரவே இல்லை. இப்போது லென்ஸைக் கொடுத்து, துளைகளை அவரையே எண்ணச் சொல்கிறேன்.

தொல்லுயிர் எச்சங்களை எடுத்துவரலாமா?

அந்த இடத்தின் சட்டத்தை முதலில் பாருங்கள், நாட்டுக்கு நாடு மாறும். சட்டம் அனுமதித்தாலும் பாறையில் பதிந்திருப்பதைப் பெயர்க்காதீர்கள். எந்த அடுக்கில் இருந்தது என்ற விவரம் போய்விட்டால் எச்சத்தின் பாதிக் கதை போய்விடும்.

நான் சொன்னது தவறு என்று பிறகு தெரிந்தது. திருத்தினால் மதிப்புக் குறையாதா?

லண்டன் கிரிஸ்டல் பேலஸ் பூங்காவில் 1854இல் திறந்த டைனோசர் சிலைகள் இன்றும் நிற்கின்றன. இகுவானோடான் சிலைக்கு மூக்கில் கொம்பு இருக்கும். பெல்ஜியத்தின் பெர்னிசார்ட் சுரங்கத்தில் 1878இல் முழு எலும்புக்கூடுகள் கிடைத்தபிறகுதான் அது மூக்குக் கொம்பல்ல, கட்டைவிரல் முள் என்பது உறுதியானது. சிலையை யாரும் இடிக்கவில்லை. அந்தத் தவறைக் காட்டித்தான் இப்போது பார்வையாளர்களுக்கு அறிவியல் நடக்கும் விதத்தைச் சொல்கிறார்கள். உங்கள் தவறையும் அடுத்த கூட்டத்தில் முதல் ஐந்து நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள்.

எனக்கு நிலவியலில் பட்டம் இல்லை. நான் பேசலாமா?

இங்கிலாந்து, வேல்ஸ் முழுமைக்கும் 1815இல் நிலவியல் வரைபடம் போட்ட வில்லியம் ஸ்மித் கொல்லர் மகன், கால்வாய் வெட்டும் இடங்களில் நில அளவையாளர். தொல்லுயிர் எச்சங்களைக் கண்டெடுத்துப் பெயர்பெற்ற மேரி ஆனிங் கடலோரத்தில் எச்சம் பொறுக்கி விற்றுப் பிழைத்தவர். பேசுங்கள். தெரியாததைத் தெரியாது என்று சொல்லும் பழக்கம் மட்டும் வேண்டும். பட்டம் உள்ளவர்களுக்கும் அது வேண்டும்.

நிகழ்ச்சி வைக்க ஏற்ற நாள் எது?

அக்டோபர் 6, சர்வதேசப் புவிப்பன்மை நாள், அதாவது பாறை, தாது, நிலவடிவம் ஆகியவற்றின் பல்வகைமைக்கான நாள். யுனெஸ்கோ 2021இல் அறிவித்தது. மழைக்காலமாக இருந்தால் தள்ளிவையுங்கள், பாறை எங்கும் போகாது.

சொன்னது போய்ச் சேர்ந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

"புரிந்ததா?" என்று கேட்காதீர்கள், எல்லோரும் தலையாட்டுவார்கள். கைதட்டலையும் கணக்கில் எடுக்காதீர்கள். நடை முடிந்ததும் தொடங்கிய இடத்துக்கே கூட்டிவந்து, தாமதமாக வந்த ஒருவருக்கு முதல் பாறையை விளக்கச் சொல்லி அவர்களில் ஒருவரிடம் கொடுத்துவிடுவேன். நான் சற்றுத் தள்ளி நின்று கேட்பேன். அவர் எதை விடுகிறார், எங்கே தடுமாறுகிறார் என்று குறித்துக்கொண்டால் அடுத்த நடைக்கு என்ன மாற்ற வேண்டும் என்பது அங்கேயே தெரிந்துவிடும். போன முறை ஒரு பெண் கூழாங்கல் பாறையை விளக்கும்போது ஆற்றையும் சொன்னார், மலை எழுந்ததையும் சொன்னார், நடுவில் புதைந்ததை விட்டுவிட்டார். கற்கள் எப்படி ஒட்டின என்பதை நான் அவசரமாகத் தாண்டியிருக்கிறேன். இந்த முறை அதற்காக ஒரு வாளி மணலும் கொஞ்சம் சிமென்ட்டும் எடுத்துப்போகிறேன்.